வீட்டுக்குத் துளைத்தகடு: வெயிலும் காற்றும் அளவாக வருவதற்கான வழிமுறை

பழந்தமிழில் சாளரத்துக்குக் ‘காலதர்’ என்று ஒரு பெயர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று உள்ளே வர வேண்டும், வெயில் மட்டுப்பட வேண்டும், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிய வேண்டும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே தெரியக் கூடாது என்ற நான்கு வேலைகளையும் சுவரில் விட்ட துளைகளிடமே ஒப்படைத்த கட்டட மரபு நம்முடையது. கருங்கல் பலகணியும் மரச்சட்டமும், பிறகு சிமெண்ட் ஜாலியும் செய்துவந்த அந்த வேலையை இன்று பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் துளையிட்ட உலோகத் தகடு செய்கிறது. பட்டறையில் ‘பெர்ஃபரேட்டட் ஷீட்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். சிலர் ‘ஜாலி ஷீட்’ என்பார்கள். இக்கட்டுரையில் அதைத் துளைத்தகடு என்றே எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் துளைத்தகட்டை அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பூ வடிவம் அழகாக இருக்கிறது, இலை வடிவம் எங்கோ ஒரு படத்தில் பார்த்தது என்று தொடங்கும் வேலை, மாடியில் மாட்டிய பிறகு வீட்டை இருட்டாக்கிவிட்டது என்றோ, வெயில் குறையவே இல்லை என்றோ முடிகிறது. துளை எதற்காக என்று முதலில் முடிவு செய்து, அதன்பின் அளவைக் கணக்கிட்டு, வடிவத்தைக் கடைசியாகத் தேர்ந்தால் இந்த ஏமாற்றம் வராது. இக்கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது. உதாரணத்துக்கு நம் ஊர் வீடுகளில் அதிகம் தேவைப்படும் இடத்தை, அதாவது மேற்கு வெயில் அடிக்கும் மாடிச் சுவரை எடுத்துக்கொள்கிறேன்.

திறப்பு விகிதம்

ஒரு தகட்டின் மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம் துளையாக இருக்கிறதோ அதுவே திறப்பு விகிதம். துளைத்தகட்டைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கண்டறியத் துளையின் விட்டமும், ஒரு துளையின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்த துளையின் நடுப்புள்ளி வரையுள்ள தூரமும் போதும். இந்தத் தூரத்தைப் பட்டறையில் ‘பிட்ச்’ என்பார்கள்.

துளைகளை அடுக்கும் முறை இரண்டு. கோலம் போடுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்ற அதே வேறுபாடுதான். நேர்ப்புள்ளியில் துளைகள் கட்டம் கட்டமாக நிற்கும். ஊடுபுள்ளியில் ஒரு வரிசையின் துளை அடுத்த வரிசையின் இரண்டு துளைகளுக்கு நடுவே அமையும். வட்டத் துளையை ஊடுபுள்ளியாக அடுக்கினால், விட்டத்தின் வர்க்கத்தைப் பிட்சின் வர்க்கத்தால் வகுத்து 90.7-ஆல் பெருக்கினால் திறப்பு விகிதம் கிடைக்கும். நேர்ப்புள்ளியாக இருந்தால் 78.5-ஆல் பெருக்க வேண்டும். 5 மி.மீ. துளை, 8 மி.மீ. பிட்ச், ஊடுபுள்ளி என்று வைத்துக்கொண்டால் 25-ஐ 64-ஆல் வகுத்து 90.7-ஆல் பெருக்க, 35.4 சதவீதம் வருகிறது. வெளிச்சுவர்த் திரைக்குப் பரவலாகப் பயன்படும் விகிதம் இதை ஒட்டியதே. பட்டறைக்காரர்கள் இதை ‘ஆர் 5 டி 8’ என்று எழுதுவார்கள்: ஆர் என்பது வட்டத் துளையையும், டி என்பது முக்கோண அடுக்கையும், அதாவது நம்முடைய ஊடுபுள்ளியையும் குறிக்கும்.

இப்போது இரண்டையும் இரட்டிப்பாக்கி, 10 மி.மீ. துளை, 16 மி.மீ. பிட்ச் என்று மாற்றிப் பாருங்கள். விகிதம் அதே 35.4 சதவீதம்தான். ஆனால் முதல் தகட்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 18,000 துளைகள். இரண்டாவதில் ஏறத்தாழ 4,500. திறப்பு விகிதமும் துளையின் அளவும் ஒன்றல்ல, இரண்டும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவுகள் என்பது இங்கேதான் தெளிவாகிறது. விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரு தகடுகளும் வெயிலிலும் பார்வையிலும் விலையிலும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன.

வெயில் நுழையும் கோணம்

தகட்டுக்குக் கனம் உண்டு என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சூரியன் நேர் எதிரே இருந்தால் துளையின் முழுப் பரப்பும் ஒளியை விடும். சூரியன் மேலே இருந்து சாய்வாக அடித்தால், துளையின் மேல் விளிம்பு கீழ் விளிம்புக்கு நிழல் கொடுக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேராக நிற்கிறது. பிற்பகல் 3 மணியளவில் மேற்கே ஏறத்தாழ 45 பாகை உயரத்துக்கு இறங்குகிறது. அந்தக் கோணத்தில், 2 மி.மீ. கனமுள்ள தகட்டில் 5 மி.மீ. துளை தன் பரப்பில் பாதியளவே நேர் வெயிலை விடுகிறது; 10 மி.மீ. துளையோ முக்கால் பங்கை விட்டுவிடுகிறது. ஆகவே அந்த 35.4 சதவீதம், சிறிய துளையுள்ள தகட்டில் ஏறத்தாழ 18 ஆகவும் பெரிய துளையுள்ள தகட்டில் ஏறத்தாழ 26 ஆகவும் குறைகிறது. மேற்குச் சுவருக்குச் சிறிய துளையும் சற்றுக் கனமான தகடும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இந்தச் சலுகை மாலையில் போய்விடும். 5 மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து, ஒளி ஏறக்குறைய நேராக நுழையும் நேரத்தில் தகட்டின் கனம் உதவாது. அந்த ஒன்றரை மணி நேர வெயிலும் வேண்டாம் என்றால் விகிதத்தை 25 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்போது காற்றும் வெளிச்சமும் குறையும். என் விருப்பம், விகிதத்தைக் குறைக்காமல் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு செடித்தொட்டி வரிசையோ ஒரு கொடியோ வைப்பதுதான். சங்குப்பூக் கொடி இதற்கு ஏற்றது.

உள்ளே விழும் ஒளியின் வடிவத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேப்பமர நிழலில் தரையெங்கும் வட்ட வட்டமாக வெயில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இலைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வட்டமானவை அல்ல. விழுவது சூரியனின் உருவம். துளைத்தகட்டிலும் இதேதான் நடக்கிறது. வானில் சூரியனின் அகலம் அரைப் பாகை அளவு இருப்பதால், துளையிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி விழும் ஒளியின் ஓரம் ஏறத்தாழ 10 மி.மீ. அளவுக்கு மங்கலாகிவிடும். அதாவது 10 மி.மீ. அளவில் வெட்டிய பூவின் நிழல் ஒரு மீட்டர் தொலைவிலேயே கரைந்து வட்டமாகிறது. தரையில் பூ வடிவமாகவே வெயில் விழ வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், இதழின் அகலத்தைக் குறைந்தது 40 மி.மீ. அளவுக்கு வைக்க வேண்டும், அல்லது திரையைத் தரைக்கு அருகே கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் நுணுக்கமான வடிவங்களை லேசரில் வெட்டச் செலவு செய்து, கடைசியில் சாதாரண வட்டத் துளையின் நிழலையே பெற்றவர்கள் நிறையப் பேர்.

பார்வையும் நிறமும்

இருட்டான பக்கத்திலிருந்து வெளிச்சமான பக்கத்தைப் பார்க்க முடியும். வெளிச்சத்திலிருந்து இருட்டைப் பார்க்க முடியாது. பகலில் வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் இருப்பவருக்கு வீடு தெரியாது. இரவில் விளக்கைப் போட்டவுடன் இது அப்படியே தலைகீழாகும். படுக்கையறைக்கு முன்னால் துளைத்தகடு வைத்தால் திரைச்சீலை தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிறம் இந்த விளைவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. வெள்ளைத் தகட்டின் மீது வெயில் பட்டால் தகடே கண்ணைக் கூசச் செய்து பின்னால் இருப்பதை மறைக்கும். அடர்ந்த பழுப்போ கரும்சாம்பலோ ஆன தகடு பார்வையிலிருந்து விலகிவிடும், கண் துளைகளின் வழியே வெளியே போய்விடும். ஆகவே உள்ளிருந்து தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அடர்நிறம். தெருவிலிருந்து யாரும் பார்க்கக் கூடாது என்பதே முதன்மை என்றால் வெளிர்நிறம். அடர்நிறம் அதிகமாகச் சூடேறும் என்பது உண்மைதான். ஆனால் தகடு சுவரிலிருந்து தள்ளி நின்று, இடையில் காற்று மேலேறிப் போக வழியிருந்தால் அந்தச் சூடு அறைக்குள் பெரிதாக வராது.

தெருவிலிருந்து பார்க்கும் தூரத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். நல்ல கண்பார்வைக்கும் 5 மி.மீ. துளை 17 மீட்டருக்கு அப்பால் தனியாகத் தெரிவதில்லை. ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். எதிர் வீட்டிலிருந்தும் தெருமுனையிலிருந்தும் ஓர் உருவம் தெரிய வேண்டும் என்றால் துளைகளின் அளவைச் சிறிதும் பெரிதுமாக மாற்றி, செய்தித்தாள் படத்தின் புள்ளிகளைப் போல உருவத்தை எழுப்ப வேண்டும். இம்முறையின் பெரிய உதாரணம், சான் பிரான்சிஸ்கோவில் 2005-ல் திறக்கப்பட்ட டி யங் அருங்காட்சியகம். ஹெர்சாக் - டி மொய்ரான் நிறுவனம் வடிவமைத்த அந்தக் கட்டடத்தை 7,000-க்கும் மேற்பட்ட செப்புத் தகடுகள் போர்த்தியிருக்கின்றன. மரக்கிளைகளுக்கு இடையே ஒளி கசியும் புகைப்படங்களிலிருந்து அதன் துளைகளும் குமிழ்களும் பெறப்பட்டன. நியூயார்க்கில் 2009-ல் முடிந்த கூப்பர் யூனியன் கல்லூரிக் கட்டடத்தில், மார்ஃபோசிஸ் நிறுவனம் கண்ணாடிச் சுவருக்கு வெளியே துளையிட்ட எஃகுத் திரையை நிறுத்தியது; வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுப்பதுதான் அதன் நோக்கம். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டிருக்கும். நம் மேற்குச் சன்னலுக்கும் இதே நியாயம்தான்.

எந்த உலோகம், எவ்வளவு கனம்

வீட்டின் வெளிப்புறத்துக்கு நான் முதலில் சொல்வது 2 மி.மீ. அலுமினியம். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். துரு என்ற பேச்சு இல்லை. பவுடர் கோட்டிங், அதாவது பொடி வண்ணத்தைச் சூளையில் உருக்கி ஏற்றும் பூச்சு, நன்றாகப் பிடிக்கும். உட்புற வேலைகளுக்கு 1.2 மி.மீ. அல்லது 1.6 மி.மீ. எம்.எஸ்., அதாவது சாதாரண எஃகுத் தகடு போதும், கடையில் இவை 18 கேஜ், 16 கேஜ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டுமென்றால், கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் 304 வகையும் கடற்கரையில் 316 வகையும் வாங்க வேண்டும். 316-ல் சேர்க்கப்படும் மாலிப்டினம் உப்புக்காற்றின் அரிப்பைத் தாங்க உதவுகிறது. செந்துரு நிறத்துக்காக விரும்பப்படும் கோர்டன் எஃகைக் கடலோரத்தில் தவிர்ப்பது நல்லது. அதற்குக் காப்பாக அமைவது மேலே படியும் துரு அடுக்குதான்; உப்புப் படியும் இடத்தில் அது நிலைப்பதில்லை. எந்த ஊரானாலும் முதல் சில மழைகளில் கீழே உள்ள தரையும் சுவரும் செம்மண் நிறத்தில் கறைபடும்.

ஜி.ஐ. தகட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில், செலவைக் குறைக்க நாகம் (துத்தநாகம்) பூசிய ஜி.ஐ. எஃகுத் தகட்டை வாங்கித் துளையிட்டு, மேலே எனாமல் வண்ணம் மட்டும் அடித்து மாட்டினோம். நான் மேற்பார்வை செய்த வேலை அது. தகட்டின் இரு முகங்களிலும் நாகம் இருந்தது. ஆனால் துளையிட்டபோது வெட்டுப்பட்ட ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் வெறும் இரும்புதான் இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மெல்லிய பழுப்பு வளையம் தோன்றி, வெள்ளைச் சுவர் நெடுக அழுத கண்ணின் மை போல வடிந்திருந்தது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு சதுர மீட்டர் முகத்தில் 18,000 துளைகள் என்றால், காப்பில்லாத விளிம்பும் 18,000 வட்டங்கள். எஃகுத் தகடாக இருந்தால் துளையிட்டு முடித்த பிறகுதான் காப்பு பூச வேண்டும் என்பதை அந்தக் கோடுகளிலிருந்து கற்றேன். துளையிட்ட மெல்லிய தகட்டை உருகிய நாகத்தில் முக்குவதும் தீர்வாகாது: தகடு நெளியும், சிறிய துளைகள் அடைபடும். துத்தநாகம் கலந்த ப்ரைமரும் அதன் மேல் பவுடர் கோட்டிங்கும் கொடுங்கள், அல்லது அலுமினியத்துக்கு மாறிவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது அதற்கு முன்னால் செய்யும் கழுவல், பாஸ்பேட் முதலிய தயாரிப்புகள் முழுமையாக நடக்கின்றனவா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். ‘செவன் டேங்க்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். பூச்சின் தடிமன் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். துளையின் சுற்றிலும் 70 மைக்ரான் ஏறினால் விட்டம் 0.14 மி.மீ. சுருங்கும், 5 மி.மீ. துளையில் இது தெரியாது, 1.5 மி.மீ. துளையிலோ திறப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். வெளிப்புறத்தில் 3 மி.மீ.க்குக் குறைந்த துளை வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். தூசி அடைவது மற்றொன்று.

பட்டறைக்குக் கொடுக்கும் வரைபடம்

துளையின் விட்டம் தகட்டின் கனத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். இரண்டு துளைகளுக்கு இடையே மிஞ்சும் உலோகமும் தகட்டின் கனத்துக்குக் குறையக் கூடாது. இவற்றை மீறினால் பஞ்ச், அதாவது துளை குத்தும் அச்சு உடையும், தகடு கிழியும். ஒரே வட்டத் துளை ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் பஞ்ச் இயந்திரம். ஒவ்வொரு துளையும் வெவ்வேறு வடிவம் என்றால் லேசர். லேசரில் ஒவ்வொரு துளைக்கும் புதிதாகத் துளைத்துத் தொடங்க வேண்டும் என்பதால் துளைகளின் எண்ணிக்கை கூடக் கூட விலையும் ஏறும். மேலே சொன்ன 18,000-க்கும் 4,500-க்கும் உள்ள வேறுபாடு இங்கே பில்லில் தெரியும்.

வரைபடத்தில் துளை விட்டம், பிட்ச், அடுக்கு முறை, கனம், உலோக வகை ஆகியவற்றோடு மூன்று விஷயங்களைக் கட்டாயம் எழுதுங்கள். முதலாவது, நான்கு ஓரங்களிலும் துளையில்லாத வெறும் பட்டை, குறைந்தது 20 மி.மீ.; துளை வரிசை பாதித் துளையில் வெட்டுப்படாமல் முழுத் துளையோடு முடிய வேண்டும். கடையில் 4 அடிக்கு 8 அடி தகட்டை வாங்கி வெட்டினால் ஓரமெல்லாம் அரைவட்டப் பற்களாக நிற்கும். கையைக் கிழிக்கும், சட்டத்தில் பொருந்தவும் செய்யாது. அதனால்தான் அளவை முதலில் முடிவு செய்து, அந்த அளவுக்கே துளையிடச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மடிப்புக் கோட்டின் மேல் துளை வரக் கூடாது. வந்தால் மடிக்கும்போது துளை நீண்டு விகாரமாகும். மூன்றாவது, பிசிறு எந்தப் பக்கம் என்பது. பஞ்ச் நுழையும் முகம் மழமழப்பாக உருண்டிருக்கும். வெளியேறும் முகத்தில் பிசிறு நிற்கும். கை படும் பக்கமும் கண் படும் பக்கமும் பஞ்ச் நுழையும் முகமாக இருக்க வேண்டும். தகடு வந்தவுடன் ஒரு பழைய பருத்தித் துணியை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். துணி நூல் இழுபட்டு மாட்டினால் பிசிறு எடுக்கப்படவில்லை என்று பொருள், திருப்பி அனுப்பலாம். துளையிட்ட தகடு வில்லாக வளைவது இயல்பு. சமன் செய்து தருவது பட்டறையின் பொறுப்பு என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

முழு ஆர்டருக்கு முன் ஓரடிச் சதுரத்தில் இரண்டு மாதிரிகளை வாங்கி, அவற்றை அந்தச் சன்னலிலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டு, காலை, பிற்பகல் 3 மணி, இரவு விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் உள்ளிருந்தும் தெருவிலிருந்தும் பாருங்கள். நான் இவ்வளவு எழுதியதில் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

பொருத்துதல்

துளையிட்ட தகடு விறைப்பை இழக்கிறது. 5 மி.மீ. துளை, 8 மி.மீ. பிட்ச் என்றால் துளைகளுக்கு இடையே மிஞ்சுவது 3 மி.மீ. உலோகம், தகட்டின் விறைப்பு முழுத் தகட்டினதில் பாதிக்கும் கீழே போய்விடும். ஓரங்களை 30 மி.மீ. அளவுக்குப் பின்னால் மடித்துத் தட்டு போலச் செய்தால் இழந்த விறைப்பில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பின்னால் சட்டத்தின் குறுக்குக் குழாய்கள் 600 மி.மீ.க்கு ஒன்று வீதம் வரட்டும்.

எடையை நினைத்துச் சட்டத்தை வடிவமைப்பது பெரிய பிழை. 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவுள்ள 2 மி.மீ. அலுமினியத் துளைத்தகடு சுமார் 10 கிலோதான். ஆனால் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியின்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். அந்தத் தகடு முழுத் தகடாக இருந்தால் 440 கிலோ. துளைகள் இருப்பதால் இது குறையும் என்றாலும், 35 சதவீதத் துளைக்கு 35 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோவையிலும் மதுரையிலும் அடிப்படை வேகம் 39 மீட்டர்; அழுத்தமும் அதற்கேற்பச் சென்னையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்காகிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று தகரங்கள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் புரியும். இரண்டாம் மாடிக்கு மேல் பொருத்துவதாக இருந்தால் ஆங்கர் போல்ட்டின் எண்ணிக்கையைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரே முடிவு செய்யட்டும். போல்ட் செங்கல்லில் அன்றிக் கான்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ இறங்க வேண்டும்.

அலுமினியம் வெப்பத்தில் நீளும். 2.4 மீட்டர் தகடு, 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 2 மி.மீ.க்கு மேல் நீளும். ஸ்க்ரூ துளைகளை நீள்துளைகளாக வைத்து, நடுவில் மட்டும் இறுக்கிக் கட்டினால் தகடு தன் போக்கில் நீண்டு சுருங்கும். எல்லா இடத்திலும் இறுக்கினால் நடுப்பகல் வெயிலில் ‘டப் டப்’ என்று ஒலியெழுப்பி உப்பும். அலுமினியத் தகட்டை எஃகுச் சட்டத்தில் நேரடியாக வைக்கக் கூடாது. மழைநீர் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இடையில் ஈ.பி.டி.எம். ரப்பர் பட்டையும், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவுக்கு அடியில் நைலான் வாஷரும் வைக்க வேண்டும்.

சுவருக்கும் தகட்டுக்கும் இடைவெளி குறைந்தது 150 மி.மீ.; ஆள் உள்ளே நின்று சன்னலைத் துடைக்க வேண்டுமானால் 600 மி.மீ. மேலும் கீழும் இடைவெளியை மூடக் கூடாது. சூடான காற்று மேலே போகவும் புதிய காற்று கீழிருந்து வரவும் வழி வேண்டும். இரண்டு துளைத்தகடுகளை முன்னும் பின்னுமாக வைத்தால் அலை அலையாக ஒரு பொய்க்கோலம் தோன்றி, நடக்க நடக்க அசையும். வேண்டுமென்றே செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் தலைச்சுற்றல்.

வீட்டுக்குள்

உள்ளே துளைத்தகடு அதிகம் பயன்படும் இடம் அலமாரிக் கதவு. இங்கே துளை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அலமாரியில் துளைகள் கதவின் அடிப்பகுதியில் இருந்தே தீர வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வெளியிடும் ஹைட்ரஜன் காற்றைவிட மிக இலேசானது. அந்த அலமாரிக்குத் துளைகள் உச்சியில் வேண்டும். செருப்பு அலமாரிக்கு மேலும் கீழும் இரண்டிடத்திலும் இருந்தால் காற்று ஓடும். துளைத்தகடு கொசுவைத் தடுக்காது, 3 மி.மீ. துளையில் அது சாதாரணமாக நுழையும். கொசுவலையைத் தனியாகப் போட வேண்டும், அப்போது காற்று மேலும் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எதிரொலியைக் குறைக்கத் துளையிட்ட ஃபால்ஸ் சீலிங் போடுபவர்கள் தகட்டை மட்டும் போட்டுவிட்டு ஏமாறுகிறார்கள். ஒலியை விழுங்குவது தகடு அல்ல, அதன் பின்னால் இருக்கும் ராக் வூல் என்ற கல்நார்ப் பஞ்சு மெத்தைதான்; தகடு அதைக் காத்து, ஒலி போக வழிவிடும் முகமூடி. 20 சதவீதத் திறப்பும் பின்னால் 50 மி.மீ. ராக் வூலும், நார் உதிராமல் இருக்க இடையில் கறுப்புத் துணித்தாளும் வைத்தால் பேச்சொலியின் எதிரொலி கேட்கும்படியாகக் குறையும். தகட்டின் பின்னால் விளக்கு வைப்பதாக இருந்தால் எல்.இ.டி. பட்டையைத் துளைகளுக்கு நேர்பின்னால் ஒட்டாமல் ஓரத்தில் வைத்து, பின்சுவரின் வெள்ளைப் பரப்பில் ஒளியை அடித்துத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊசி கண்ணைக் குத்தும்.

ஏ.சி.யின் வெளி யூனிட்டைத் துளைத்தகட்டால் மூடும் வழக்கம் பரவியிருக்கிறது. முகப்பு அழகாகிறது, ஆனால் 35 சதவீதத் தகட்டுக்குப் பின்னால் அந்த யூனிட் தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி இழுத்துத் திணறும், மே மாதத்தில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். விசிறியின் எதிர்ப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். மறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அகன்ற இடைவெளியுள்ள சட்டப்பலகைகள் போதும்.

பால்கனிக் கைப்பிடியில் துளைத்தகடு வைக்கும் வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், ஏறத்தாழ 8 மி.மீ.க்கும் 25 மி.மீ.க்கும் இடைப்பட்ட துளை வேண்டாம். குழந்தையின் விரல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் அளவு அது. மிகப் பெரிய துளையோ கால் வைத்து ஏறப் படியாகும். 5 அல்லது 6 மி.மீ. துளைதான் இங்கே பாதுகாப்பு. படிக்கட்டின் மிதிபலகைக்கு 3 மி.மீ.க்குக் குறைந்த தகடு கூடாது. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள் என்பதால் துளையின் விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே படியைப் பொருத்தச் சொல்லுங்கள்.

பராமரிப்புக்கு அதிக வேலை இல்லை. கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் கடற்கரையில் மாதம் ஒரு முறையும் சாதாரணத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். மழையில் நனையாத கூரையடித் தகடுகளில்தான் உப்பு அதிகமாகத் தங்கும் என்பதால் குழாயை முதலில் அவற்றின் பக்கம் திருப்புங்கள். ஸ்க்ரூத் தலைகளைச் சுற்றியும் மடிப்பின் அடி ஓரத்திலும் பூச்சு உரிந்திருக்கிறதா என்று கழுவும்போதே பார்த்து, உரிந்த இடத்தில் அதே நிற டச்-அப் பூச்சை அன்றைக்கே தடவிவிடுங்கள். அடி மடிப்பில் தண்ணீர் தேங்கி நின்றால், அங்கே அரையடிக்கு ஒன்றாக 6 மி.மீ. வடிதுளை போடச் சொல்லி, வெட்டிய விளிம்பிலும் பூச்சுத் தடவ வேண்டும்.